பற்று நோட்டும் எழுத்தறிவுக் கணக்கும்

கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகளில் 'பத்து ரூபாய்' என்று அச்சடித்திருக்கும். அசாமியில் தொடங்கி உருதுவில் முடியும் அந்த வரிசையில் தமிழ் 13ஆவது. காலை முதல் இரவு வரை நோட்டு எண்ணுகிற நம்மில் பெரும்பாலோர் அதில் ஒரு வரியைப் படிப்போம். வடசென்னைக்காரர் என்றால் தெலுங்கையும் சேர்த்து இரண்டு வரி. மற்றவை நமக்கு வெறும் கோலம்தான். ஆனாலும் வரி படிக்கத் தெரியாததால் பத்தை நூறாக எண்ணிவிட்டோம் என்று எந்த வணிகரும் சொன்னதில்லை. 10 என்ற எண் இருக்கிறதே!

இந்த எண்ணும் எழுத்தும் பற்றி எழுத வேண்டிய அவசியம் என் கடையிலேயே வந்தது. கொடுங்கையூரில் மளிகை வியாபாரம். மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் பீகார் இளைஞர் ஒருவர் என்னிடம் மாதப் பற்று வைத்திருக்கிறார். பூர்ணியா மாவட்டத்துக்காரர். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது எங்கள் நோட்டில் அவர் பேரில் 2,390 ரூபாய் நின்றது. அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, 1,840தான் என்று அடித்துச் சொன்னார். எங்கள் கடைப் பையன் எழுதியிருந்தது தமிழில். அவர் எழுதியிருந்தது இந்தியில். ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தெரியாது. தேதியையும் தொகையையும் மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

தவறு எங்களுடையது. ஒரே அறையில் தங்கியிருக்கும் அந்த ஐந்து பேருக்கும் எங்கள் நோட்டில் பெயரே கிடையாது. 'பீகார் 1', 'பீகார் 2' என்று போட்டு வைத்திருந்தோம். இன்னொருவர் வாங்கிய அரிசியும் கடுகு எண்ணெயும் பருப்பும் இவர் பக்கத்தில் ஏறிவிட்டன. 550 ரூபாயைக் கழித்தோம். அவர் பணத்தைக் கட்டிவிட்டு, "பரவாயில்லை அண்ணா" என்று போய்விட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. எங்கள் நோட்டில் 'பீகார் 2' என்று இருந்தவர் எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர். மாதா மாதம் நாங்கள் சொன்ன தொகையை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்து வந்தவர். அவருடைய பழைய பக்கங்களைப் புரட்டினோம். அவர் கணக்கிலும் இப்படி ஏறியிருக்கிறதா, எத்தனை மாதம், எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர் நோட்டு இல்லை.

இருவரும் ஒரே மாவட்டம், ஒரே அறை, ஒரே கூலி. ஒருவருக்கு 550 ரூபாய் திரும்பியது, மற்றவருக்குத் திரும்பவில்லை. எழுத்தறிவுக்கும் வறுமைக்கும் என்ன தொடர்பு என்று பெரிய அறிக்கைகள் பேசுவதை என் கடையில் நான் பார்த்தது இப்படித்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் சேரமாட்டார். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 'ஏதேனும் ஒரு மொழி' என்ற சொற்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால், 2011ஆம் ஆண்டின் எண்களைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது நாடு முழுவதற்கும் எழுத்தறிவு 73 சதவீதம். கேரளம் 94. தமிழகம் 80. பீகார் 61.8, அதுவே கடைசி இடம். ராஜஸ்தான் 66, ஜார்க்கண்ட் 66, உத்தரப்பிரதேசம் 68, ஒடிசா 73. பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. கேரளத்தில் 92, தமிழகத்தில் 73, பீகாரில் 51.5. அதாவது பீகாரில் அன்று ஏறக்குறையப் பாதிப் பெண்கள் எழுத்து அறியாதவர்கள்.

மாநிலச் சராசரியும் ஏமாற்றும். ஒடிசாவில் புவனேசுவரம் இருக்கும் குர்தா மாவட்டத்தில் 87 சதவீதம். அதே மாநிலத்தின் நபரங்கபூரில் 46. பீகாரின் ரோத்தாசில் 73, நம் நண்பரின் பூர்ணியாவில் 51. நம் தமிழகம் மட்டும் என்ன? கன்னியாகுமரியில் 92, தருமபுரியில் 68.5. சென்னை மாவட்டம் 90 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த 90இல் பெசன்ட் நகரும் உண்டு, நம் குப்பைக் கிடங்கை ஒட்டிய எழில் நகரும் உண்டு. இரண்டுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்று நம் பகுதி வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வறுமைக்கு வருவோம். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட கணக்கு, வருமானத்தைப் பார்க்காமல் சத்துணவு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, வங்கிக் கணக்கு என்று 12 அம்சங்களைச் சேர்த்துப் பார்த்தது. அதன்படி 2019-21இல் பீகாரில் நூற்றுக்கு 34 பேர் வறியவர்கள். நாட்டுச் சராசரி 15. தமிழகத்தில் 2 பேருக்குச் சற்று மேல். கேரளத்தில் இருநூறு பேருக்கு ஒருவர். பீகார் முந்தைய கணக்கில் 52ஆக இருந்து 34க்கு இறங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று பேசுவது சரியல்ல.

வணிகருக்கு இதைவிடச் சுலபமாகப் புரிகிற எண் ஒன்று உண்டு. மக்கள் மாதம் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று மத்திய அரசு கணக்கெடுக்கிறது. 2022-23இல் தமிழகக் கிராமத்தில் ஒரு நபருக்கு மாதச் செலவு 5,310 ரூபாய். பீகார் கிராமத்தில் 3,384 ரூபாய். ஐந்து பேர் உள்ள குடும்பம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். இங்கே 26,550, அங்கே 16,920. மாதம் 9,630 ரூபாய் வித்தியாசம். ஒரு வீட்டின் மளிகைப் பட்டியலில் எது எது அடிபடும் என்று நாம் மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, மணலிக்கும் மாதவரத்துக்கும் வந்து, நம் கடையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்குகிறான் என்றால் அந்த 9,630 ரூபாய்தான் காரணம்.

ஐம்பது ஆண்டுக்கு முன்

இந்த வித்தியாசம் எப்போதும் இருந்ததா? இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாதது. 1973-74க்கான திட்டக்குழுக் கணக்கில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் பீகாரில் 62 சதவீதம், கேரளத்தில் 60, தமிழகத்தில் 55. கிட்டத்தட்ட மூன்றும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. 2011-12 கணக்கில் பீகார் 34, தமிழகம் 11, கேரளம் 7. நடுவில் கோடு வரைகிற முறை மாறியிருக்கிறது, ஆகவே பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணை அப்படியே கழிக்கக் கூடாது. ஆயினும் யார் முன்னே போனார், யார் பின்தங்கினார் என்பதில் ஐயமில்லை.

எழுத்தறிவில் அப்படிச் சமமாக இருந்தார்களா? அதுவும் இல்லை. 1951லேயே கேரளப் பகுதியில் எழுத்தறிவு 47 சதவீதம், பீகாரில் 13. பசி ஒன்றாக இருந்த காலத்திலும் படிப்பு ஒன்றாக இல்லை. திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் 1817லேயே கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று ஆணை பிறப்பித்தார். பிறகு மிஷன் பள்ளிகள், நாராயண குருவின் இயக்கம், பள்ளிக் கதவு திறக்க அய்யங்காளி நடத்திய போராட்டம் எல்லாம் வந்தன. பின்னால் 1970களில் வளைகுடாவில் வேலைக் கதவு திறந்தபோது, விண்ணப்பம் நிரப்பவும் கடிதம் எழுதவும் தெரிந்தவர்கள் முதலில் நுழைந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தில் எழுத்தறிவில் முதலிடத்தில் நிற்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் பக்கம் இருந்த நிலம்.

தமிழகத்தின் கதையில் வணிகர்களுக்கு நல்ல பங்கு உண்டு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, சர்க்கார் கஜானாவில் பிறந்த பள்ளி அல்ல. வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் பிடித்த மகமையும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் அந்தப் பள்ளியை நடத்தின. காமராஜர் படித்தது அங்கேதான். அவர் முதல்வராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. நம் வடசென்னைக்கும் இதில் ஒரு பெருமை. நெசவுத் தொழில் நடத்தி வந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். செலவு தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் நின்றுபோனது, ஆனால் எண்ணம் நிற்கவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அது வளர்ந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் பெயர் தாங்கிய கல்லூரியைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் சரக்கெடுக்கப் போகிறோம்.

படிப்பு மட்டும் போதுமா?

எழுத்தறிவு கூடினால் வறுமை தானாக ஓடிவிடும் என்று முடித்துவிட்டால் கணக்கு இடிக்கும். கொடுங்கையூரிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் ஏறி வடக்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆந்திரம். பிரியாத ஆந்திரத்தில் 2011இல் எழுத்தறிவு 67 சதவீதம்தான். ஒடிசாவைவிடக் குறைவு. ஆனால் 2011-12இல் வறுமை ஆந்திரத்தில் 9 சதவீதம், ஒடிசாவில் 33. கிருஷ்ணா, கோதாவரிப் பாசனமும், 1983இல் என்.டி.ஆர். கொண்டுவந்த 2 ரூபாய் அரிசியும் அங்கே கைகொடுத்தன. மணிப்பூரோ நேர் எதிர். எழுத்தறிவு 77, வறுமை 37. படித்தவர் உண்டு, தொழிற்சாலை இல்லை.

பீகாருக்குத் தொழில் ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் நம் சரக்கு வாடகைப் பேச்சோடு சம்பந்தப்பட்டது. பிரியாத பீகார் இரும்பும் நிலக்கரியும் கொழித்த மாநிலம். ஜாம்ஷெட்பூர் அங்கேதான் இருந்தது. (2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது அந்தச் செல்வம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று என்பது வேறு சங்கதி.) சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்தால் இரும்பு மலிவு, வாடகை மிச்சம். இதுதான் வியாபார நியாயம். ஆனால் 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் எஃகும் சிமெண்டும் ஒரே விலையில் போய்ச் சேரும். தூரத்துக்கான கூலியை எல்லோர் தலையிலும் பகிர்ந்துவிடுவார்கள். ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ அதே விலைக்கு எஃகு எண்ணூரில் கிடைத்தது. அப்படியிருக்க யார் உள்நாட்டில் ஆலை வைப்பார்? துறைமுகம் பக்கத்தில் வைப்பார். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரில் லாரி செய்ததும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்ததும் அதே காலம். அவை வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மலிவு எஃகால் நம் வடசென்னை பிழைத்தது என்பதை மறைக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை கைவிடப்படுவதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று வந்தது அவர்கள் மண்ணின் இரும்பு. இன்று வருவது அந்த மண்ணின் பிள்ளைகள். "இந்திக்காரன் வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான்" என்று டீக்கடையில் யாராவது பேசினால் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. கேட்பவர்கள் பாதிப்பேர் டீயை முடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

1793இல் கார்ன்வாலிஸ் பிரபு வங்காளம், பீகார், ஒடிசாப் பகுதிகளில் போட்ட நிரந்தர ஜமீன் ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பகுதி ரயத்துவாரி. உழுபவன் பேரில் பட்டா. அங்கே ஜமீன்தார் பேரில். குடியானவன் பிள்ளை படிப்பதில் ஜமீன்தாருக்கு என்ன லாபம்?

எல்லையில் இறங்கிவிடும் எழுத்து

இப்போது 'ஏதேனும் ஒரு மொழி' என்ற சொற்களுக்கு வருவோம். என் கடையில் தகராறு செய்த இளைஞர் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர். ஆனால் சென்ட்ரலில் இறங்கிய நிமிடம் முதல் பேருந்துப் பலகை, கடைப் பெயர், மருந்துச் சீட்டின் மேலுள்ள குறிப்பு, வீட்டுக்காரர் ஒட்டிய அறிவிப்பு எதுவும் அவருக்குத் தெரியாது. பூர்ணியாவில் இருந்தால் 51 சதவீதத்தில் ஒருவர். கொடுங்கையூரில் அவர் எழுத்தறியாதவர். நாமும் அப்படியே. நாளை பாட்னாவில் சரக்கு வாங்கப் போனால் நமக்கும் கைநாட்டு நிலைதான். 2011 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121 வந்தன. இத்தனை மொழி உள்ள நாட்டில் ஒரே சதவீதம் போட்டு எழுத்தறிவைச் சொன்னால், மாநிலம் தாண்டிப் பிழைக்கப் போகிறவர் கணக்கு அதில் வராது. வறுமை அவருடன் ரயிலேறி வருகிறது, எழுத்து வருவதில்லை.

'இந்திக்காரர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது போஜ்புரி, மகஹி, மைதிலி என்று பலவிதம். போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மட்டும் 5 கோடிப் பேர். அவர்களைக் கணக்கெடுப்பு இந்தி என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிடுகிறது. மைதிலி 2004இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றுவிட்டது. ஆனால் நான் முதலில் சொன்ன ரூபாய் நோட்டின் 15 மொழிகளில் அது இல்லை. அந்த ஊர்ப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசி, பள்ளியில் வேறு மொழியில் பாடம் படித்து, பாதியில் நின்று, மூன்றாவது மொழி பேசும் ஊருக்கு மூட்டை தூக்க வருகிறது. நம் பிள்ளைக்கு வீட்டிலும் தமிழ், வகுப்பிலும் தமிழ் என்பது எத்தனை பெரிய சௌகரியம் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பீகாரில் கணக்கும் பத்திரமும் எழுத ஒரு காலத்தில் கைதி என்ற தனி எழுத்து இருந்தது. இன்று அங்கே பழைய நிலப் பத்திரத்தைப் படிக்க ஆள் கிடைப்பது அரிது. நம்மூரில் முந்திரி, காணி, மா என்று பின்னம் போட்ட பழைய ஏட்டை இப்போது யார் படிக்கிறார்? அதுபோலத்தான்.

நம் கடைச் சரக்கிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. பொட்டலச் சரக்கு விதிகளின்படி விலை, எடை, தயாரித்த மாதம் முதலியவற்றை இந்தி அல்லது ஆங்கிலத்தில் அச்சிட்டால் போதும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பது கம்பெனியின் விருப்பம். ஆகவே தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தருமபுரிப் பாட்டியும், தமிழ் தெரியாத பூர்ணியா இளைஞரும் நம் கடையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது படிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ரூபாய்க் குறிக்குப் பக்கத்திலுள்ள எண். இந்திய எண்களின் சர்வதேச வடிவம் என்று அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவு சொல்லும் 1, 2, 3தான் இந்த நாட்டில் மொழி எல்லை தாண்டும் எழுத்து.

கடன் எழுதுகிறவர் கையில் மட்டும் எழுத்து இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் இனத்தின் வரலாற்றிலேயே பாடம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு தேவைப்பட்டது. இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் ஆளை அழைத்துப் போகலாம் என்பது அந்தச் சீட்டின் சாரம். கடன்காரருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கங்காணி சொன்னதுதான் கணக்கு. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். நம்மவர்கள் 'பீகார் 2' ஆக இருந்த காலம் அது. என் கடை நோட்டைக் கங்காணியின் துண்டோடு ஒப்பிடுவது கடுமை என்று சில நண்பர்கள் சொன்னார்கள். நான் ஏமாற்றவில்லைதான். ஆனால் ஏமாற்றியிருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

படிக்க முடியாத ஊரில் வதந்திக்கு வலு அதிகம் என்பதையும் 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான காட்சிகள் கைபேசியில் பரவின. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது; அந்தக் காட்சிகள் உண்மையல்ல என்று தெரிந்தது. அதற்குள் பலர் ரயிலேறிவிட்டார்கள், பட்டறைகளில் இயந்திரங்கள் நின்றன. நம் தினசரியில் வந்த மறுப்பை அவர்களால் படிக்க முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் முதலில் வந்தது வதந்திதான்.

எங்கள் தெருவில் நான்கு கடைகளில் இப்போது செய்து வருவதைச் சொல்கிறேன். பற்று வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை நோட்டு கொடுக்கிறோம். தேதியும் தொகையும் எண்ணில். சரக்கின் பெயருக்குப் பதில் விலை. கடை நோட்டிலும் கை நோட்டிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. பெயரைக் கேட்டு எழுதுகிறோம், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பக்கத்தில் போடுகிறோம். எண்ணும் படிக்கத் தெரியாதவர் என்றால் தொகையை வாயால் சொல்லி, அறை நண்பர் முன்னிலையில் வாரம் ஒருமுறை கூட்டுகிறோம். மாதக் கடைசிவரை விட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகள் பகலில் கடை வாசலில் நின்றால் ஒரு வார்த்தை விசாரிக்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. இது அந்தப் பெற்றோர் பலருக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

'பீகார் 2' சத் பூஜைக்கு ஊருக்குப் போனார், இன்னும் திரும்பவில்லை. அறை நண்பரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வந்தால் உட்கார்ந்து பேசி ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். எங்களிடம் கணக்கு இல்லை.